காலேஜ் தேர்வில் ஸ்க்ரைப், கூடுதல் நேரம் வேணுமா? 40% சான்றிதழ் இல்லைன்னாலும் கேட்கலாம்... எப்படி?

பிளஸ் டூ வரை ஸ்க்ரைப் வைத்துத் தேர்வு எழுதிய ஒரு மாணவர், முதல் செமஸ்டர் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கல்லூரி அலுவலகத்தில் போய் நிற்கிறார். "சான்றிதழ் எங்கே? முன்னாடியே ஏன் சொல்லலை?" என்று கேட்கிறார்கள். பல வீடுகளில் நடக்கிற கதைதான் இது.

பள்ளியில் கிடைத்த சலுகை கல்லூரிக்குத் தானாக வராது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு என்னென்ன வேணும்? பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்வை, செவித்திறன், கை கால் பாதிப்பு மட்டுமில்லை. டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடு, ஆட்டிசம், மனநலப் பாதிப்பு, ஹீமோஃபீலியாவும் இதில் உண்டு.

அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரிகளில் குறைந்தது 5% இடஒதுக்கீடு, வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு உண்டு. இதற்கு 40% அல்லது அதற்கு மேல் பாதிப்பு இருப்பதாகச் சான்றிதழ் தேவை.

அப்போ 40%-க்குக் கீழே இருந்தா ஒண்ணும் கிடைக்காதா?

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். 40% என்பது இடஒதுக்கீட்டுக்கான அளவுகோல். ஸ்க்ரைப், கூடுதல் நேரம், தரைத்தளத்தில் தேர்வு அறை போன்றவை 'நியாயமான வசதி' என்ற தனி உரிமையில் வருபவை.

எழுதும்போது கை இறுகிப்போகும் ரைட்டர்ஸ் கிராம்ப் பாதிப்புள்ள ஒரு தேர்வருக்கு யுபிஎஸ்சி ஸ்க்ரைப் மறுத்த வழக்கில், 40% இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 பிப்ரவரியிலும் இதே நிலைப்பாட்டை உறுதி செய்தது.

முதல் வேலை: யுடிஐடி அட்டை

மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதார், புகைப்படம், மருத்துவ அறிக்கைகள் கையில் இருக்கட்டும். பிறகு அரசு மருத்துவமனையில் நேரில் பரிசோதனை. சொந்த மாவட்டத்திலோ, சிகிச்சை பெறும் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையிலோ செய்துகொள்ளலாம். சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

சதவீதம் குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தால் மேல்முறையீடு செய்யவும் சட்டத்தில் வழி உண்டு.

அட்டை மட்டும் போதுமா?

போதாது. உங்களுக்கு என்ன பாதிப்பு என்று அட்டை சொல்லும். என்ன வசதி வேண்டும் என்று சொல்லாது. அதைக் கடிதத்தில் நீங்கள்தான் எழுதணும்.

"எனக்கு உதவி தேவை" என்று பொதுவாக எழுதாதீர்கள். "15 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து எழுதினால் விரல்கள் இறுகிவிடுகின்றன, அதனால் ஸ்க்ரைப் தேவை" என்று காரணத்தையும் வசதியையும் சேர்த்து எழுதுங்கள்.

இவற்றை இணையுங்கள்:

- யுடிஐடி அட்டை அல்லது மாற்றுத்திறனாளி சான்றிதழ் நகல்
- எழுதுவதில் சிரமம் உள்ளது என்ற அரசு மருத்துவரின் சான்று (ஸ்க்ரைப் கேட்டால்)
- பள்ளியில் சலுகை பெற்றதற்கான ஆணை இருந்தால் அதன் நகல்

முழு மருத்துவ வரலாற்றையும் கொட்ட வேண்டியதில்லை. கேட்கும் வசதிக்குத் தேவையானது மட்டும் போதும்.

கூடுதல் நேரம் எவ்வளவு?

மத்திய அரசின் வழிகாட்டுதல்படி ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம். அதாவது 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

யாரிடம் கொடுப்பது?

முதல்வரிடம் கொடுங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் ஒரு நகல். மற்ற கல்லூரிகளில், கல்லூரி வழியாகப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும்; அதற்கே நாளாகும். தேதியும் முத்திரையும் போட்ட நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுத்துட்டாங்கன்னா?

வாய்மொழி பதிலை ஏற்காதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அரசுக் கல்லூரிகளில் இதற்கென குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அங்கேயும் தீர்வு இல்லையென்றால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் அளிக்கலாம்.

ஹால் டிக்கெட் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அட்மிஷன் போட்ட வாரத்திலேயே இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுங்கள்.