வைஃபை பாஸ்வேர்டு: டைப் பண்ற கஷ்டத்தின் வரலாறு

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரத் தலைப்பைக் கேட்டதும் சிலர், "வைஃபை பாஸ்வேர்டுக்கெல்லாம் ஒரு வரலாறா?"ன்னு நினைக்கலாம். இருக்கு. அதோட நம்ம நாட்டு அத்தியாயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்தன. 50-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். குண்டுகள் வெடிக்கத் தொடங்குவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னால், டிவி சேனல்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போயிருந்தது. அது எந்த ஐபி முகவரியிலிருந்து வந்ததுன்னு போலீஸ் தேடிப் போனால், அது நவி மும்பையில் ஒரு அடுக்குமாடி வீட்டின் இணைய இணைப்பில் போய் நின்றது. அங்கே குடியிருந்தவர் ஒரு அமெரிக்கர். வீட்டு வைஃபைக்குச் சரியான பாதுகாப்பு இல்லை, யாரோ அதைப் பயன்படுத்தி மெயில் அனுப்பியிருக்கிறார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. குண்டுவெடிப்பு வழக்கில் அவர்மேல் குற்றச்சாட்டு வரவில்லை. ஆனால் விசாரணை, கணினிப் பறிமுதல், டிவியில் முகம் எல்லாம் வந்தது. அதற்கப்புறம் 2009 தொடக்கத்தில் மும்பை போலீஸ் பூட்டாத வைஃபைகளைத் தேடித் தெருத்தெருவாகப் போனார்கள். தொலைத்தொடர்புத் துறையும் வைஃபையைப் பாதுகாப்பாக வைக்கச் சொல்லி விதிமுறை போட்டது.

அதனால வைஃபை பாஸ்வேர்டு என்பது பக்கத்து வீட்டுக்காரர் நம்ம டேட்டாவில் படம் பார்க்கிறாரா என்கிற பிரச்சினை மட்டும் இல்லை. அந்த இணைப்பில் நடக்கிற எதற்கும் முதலில் கதவு தட்டப்படுவது நம்ம வீட்டில்தான்.

இது எல்லாருக்கும் ஓரளவு தெரியும். அப்புறம் ஏன் பாதி வீடுகளில் பாஸ்வேர்டு அப்பாவோட மொபைல் நம்பராக இருக்கு? என் பதில்: சோம்பேறித்தனம் இல்லை. வைஃபையை வடிவமைத்தவர்கள் 20 வருஷத்துக்கு மேல் "பூட்டு" பற்றி யோசித்தார்கள். சாவியை விருந்தாளி கையில் எப்படிக் கொடுப்பது என்பதை ரொம்பத் தாமதமாகத்தான் யோசித்தார்கள். அந்தக் கதையைப் பார்ப்போம்.

26 எழுத்துச் சாவி

வைஃபைக்கான முதல் தரநிலை 1997-ல் வந்தது. அதோடு வந்த பூட்டின் பெயர் டபிள்யூஇபி. விரித்தால், "கம்பிக்கு இணையான தனிமை" என்று அர்த்தம். பெயரில்தான் இணை. அன்றைக்கு அமெரிக்காவில் வலுவான மறையாக்கத்தை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு இருந்ததால், சாவியின் நீளம் 40 பிட் என்று வைத்தார்கள். பிறகு 104 பிட் வந்தது.

இப்போ பயனர் பக்கம் பாருங்க. 40 பிட் சாவி என்றால் 10 ஹெக்ஸ் இலக்கங்கள். 104 பிட் என்றால் 26. அதாவது 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை கலந்து, எந்த அர்த்தமும் இல்லாத 26 எழுத்தைப் பிழையில்லாமல் அடிக்கணும். ஒன்று தப்பினாலும் இணையாது, எது தப்புன்னும் சொல்லாது. இவ்வளவு கஷ்டப்பட்டு அடித்த சாவிக்கு என்ன பலன்? 2001-ல் ஃப்ளூரர், மான்டின், ஷமிர் என்கிற மூன்று ஆய்வாளர்கள், இந்த முறை ஆர்சி4 மறையாக்கத்தைப் பயன்படுத்தும் விதத்திலேயே ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். போதுமான அளவு வைஃபை போக்குவரத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தால் சாவியைக் கணக்கிட்டே எடுத்துவிடலாம். 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 104 பிட் சாவியையே ஒரு நிமிஷத்துக்குள் எடுக்க முடியும்னு நிரூபித்தார்கள்.

இந்தப் பழைய பூட்டை நம்பியதற்கு அமெரிக்காவின் டிஜேஎக்ஸ் என்கிற சில்லறை வணிக நிறுவனம் பெரிய விலை கொடுத்தது. ஒரு கடையின் வைஃபை வழியாக உள்ளே நுழைந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனது குறைந்தது 4.57 கோடி கார்டு எண்கள். 2007-ல் அது வெளியே வந்தது.

பாஸ்வேர்டு நம்ம கைக்கு வந்த கதை

2003-ல் டபிள்யூபிஏ வந்தது, 2004-ல் டபிள்யூபிஏ2. இதில் ஒரு நல்ல மாற்றம்: ஹெக்ஸ் வேண்டாம், 8 முதல் 63 எழுத்துக்குள் நீங்களே ஒரு சொற்றொடர் வைத்துக்கொள்ளலாம். ரவுட்டர் அதை நெட்வொர்க் பெயரோடு கலந்து, 4096 தடவை அரைத்து, உண்மையான சாவியை உருவாக்கிக்கொள்ளும்.

ஆனா இங்கேதான் ஒரு நுணுக்கம். உங்க போன் ரவுட்டரோடு இணையும்போது இரண்டும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும். பாஸ்வேர்டு அதில் நேரடியாகப் போகாது. ஆனால் ஒரு யூகம் சரியா தப்பான்னு சோதிக்கப் போதுமான தடயம் அதில் இருக்கு. தெருவில் நிற்கிற ஒருத்தர் அந்த நான்கு செய்தியைப் பதிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். அப்புறம் அவருடைய கணினியில் ஆற அமர, எத்தனை யூகம் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். உங்க ரவுட்டருக்கு ஒன்றுமே தெரியாது.

இது அன்றைக்கே தெரியும். 2003 நவம்பரிலேயே ராபர்ட் மாஸ்கோவிட்ஸ் என்கிற பாதுகாப்பு நிபுணர், 20 எழுத்துக்குக் குறைவான சொற்றொடர்கள் இந்தத் தாக்குதலுக்குத் தாங்காதுன்னு எழுதிவிட்டார். ஆனால் ரவுட்டர் திரையில் வந்த வாசகம் என்ன? "குறைந்தது 8 எழுத்து." நாமும் சரியாக 8-ல் நின்றுவிட்டோம்.

மொபைல் நம்பர் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இந்தியாவில் மொபைல் எண் 10 இலக்கம், 6, 7, 8, 9-ல் ஒன்றில்தான் தொடங்கும். மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். கேம் விளையாட வாங்குகிற இன்றைய நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வினாடிக்கு 10 லட்சத்துக்கும் மேல் வைஃபை யூகங்களைச் சோதிக்கும். 400 கோடியை 10 லட்சத்தால் வகுத்தால் 4,000 வினாடி. ஒரு மணி நேரம் கொஞ்சம் சொச்சம். அதுவும் எல்லா எண்ணையும் முயன்றால். குறிப்பிட்ட உங்க நம்பர் தெரிஞ்சவருக்கு அந்த ஒரு மணி நேரமும் வேண்டாம்.

"டைப் பண்ணவே வேண்டாம்" என்ற முதல் வாக்குறுதி

டைப் பண்றது கஷ்டம்னு தொழில்துறை ஒருவழியா ஒப்புக்கொண்டது 2007 வாக்கில். டபிள்யூபிஎஸ் என்று ஒரு வசதி வந்தது. ரவுட்டரில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், இல்லைன்னா அடியில் ஒட்டியிருக்கிற 8 இலக்க பின் நம்பரைப் போட்டால் போதும்.

8 இலக்கம்னா 10 கோடி சாத்தியம், பரவாயில்லையே என்று தோணும். 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபாக் என்கிற ஆஸ்திரிய ஆய்வாளர் இதைப் பிரித்துக் காட்டினார். ரவுட்டர் அந்தப் பின்னை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது. முதல் நான்கு இலக்கம் தப்பு என்றால் உடனே காட்டிக் கொடுத்துவிடுகிறது. எட்டாவது இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது, அதை யூகிக்கவே வேண்டாம். அப்போ முதல் பாதிக்கு 10,000, இரண்டாம் பாதிக்கு 1,000. பெருக்கக் கூடாது, கூட்டணும். மொத்தம் 11,000 முயற்சி. சில மணி நேர வேலை. உங்க பாஸ்வேர்டு 63 எழுத்தில் இருந்தாலும், இந்தப் பின்வாசல் வழியா அதை ரவுட்டரே ஒப்படைத்துவிடும்.

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். இந்தக் கதையை வேலையில் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வசதிக்காகச் செய்ததால் டபிள்யூபிஎஸ் உடையவில்லை. வசதியைத் தனி வேலையாக நினைத்து, பூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பூட்டு வைத்ததால் உடைந்தது.

பகடையும் கட்டமும்

தீர்வுக்கான இரண்டு துண்டுகள் வைஃபை பிறப்பதற்கு முன்பே இருந்தன. ரெண்டுக்கும் வைஃபையோடு சம்பந்தமே இல்லை.

ஒன்று, 1995-ல் ஆர்னால்டு ரைன்ஹோல்டு வெளியிட்ட டைஸ்வேர். ஒரு பகடையை ஐந்து முறை உருட்டினால் 7,776 விடைகளில் ஒன்று வரும். ஒவ்வொரு விடைக்கும் பட்டியலில் ஒரு எளிய சொல். ஐந்து சொல் எடுத்தால், நான் மேலே சொன்ன அதே வேகத்தில் எல்லாவற்றையும் சோதித்து முடிக்க ஏறக்குறைய 9 லட்சம் ஆண்டுகள். பெரிய எழுத்து, டாலர், ஹேஷ் எதுவும் வேண்டாம். "எழுத்து, எண், குறி கலந்தே ஆகணும்" என்ற பழக்கத்துக்கு 2004-ல் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட வழிகாட்டி ஒரு முக்கியக் காரணம். 2017-ல் வந்த திருத்தத்தில் அவர்களே அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டார்கள்.

எங்க வீட்டில் தாயக்கட்டை இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஒரு கட்டையில் நான்கு பக்கம், ஜோடியை முதல், இரண்டாம் என்று அடையாளம் வைத்து உருட்டினால் 16 விடை. இரண்டு உருட்டில் 256. நீங்களே 256 தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் பட்டியல் போட்டு, இப்படி எட்டு சொல் எடுத்தால் 64 பிட். டைஸ்வேரின் ஐந்து சொல்லுக்கு ஏறக்குறைய சமம். சின்னச் சொற்களாக இருந்தால் 63 எழுத்துக்குள் அடங்கிவிடும். ஒரே நிபந்தனை: சொல்லைக் கட்டை தேர்ந்தெடுக்கணும், நீங்க இல்லை. நமக்குப் பிடித்த சொல்லும் படப் பெயரும்தான் தாக்குபவரின் பட்டியலில் முதல் பக்கத்தில் இருக்கும்.

இன்னொரு துண்டு, 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு உருவாக்கிய கியூஆர் குறியீடு. கார் பாகங்களைக் கண்காணிக்கச் செய்தது. நிறுவனத்திடம் காப்புரிமை இருந்தும் மற்றவர்கள் பயன்படுத்துவதைத் தடுக்கவில்லை, அதனால் பரவியது. பிறகு ஸீப்ரா கிராசிங் என்கிற திறமூல ஸ்கேனர் திட்டம், நெட்வொர்க் பெயர், பூட்டு வகை, பாஸ்வேர்டு மூன்றையும் ஒரே வரியில் எழுதும் முறையைப் பரப்பியது. 2017-ல் ஐஓஎஸ் 11 வந்தபோது ஐபோன் கேமரா அதை நேரடியாகப் படித்தது. 2019-ல் ஆண்ட்ராய்டு 10, இணைந்திருக்கும் வைஃபையை கியூஆராகக் காட்டியே பகிர வழி செய்தது.

யுபிஐ புண்ணியத்தில் ஸ்கேன் பண்ணத் தெரியாதவர் இன்றைக்கு நம்ம ஊரில் குறைவு. காய்கறிக்கடையில் செய்கிற அதே அசைவுதான். 40 எழுத்துப் பாஸ்வேர்டை விருந்தாளி இனி அடிக்கவே வேண்டியதில்லை.

சரி, இப்போ நாம என்ன பண்றது?

ரவுட்டர் அமைப்புக்குள் போய் டபிள்யூபிஎஸ்-ஐ அணைத்துவிடுங்க. டபிள்யூபிஏ2 அல்லது, இருந்தால், 2018-ல் வந்த டபிள்யூபிஏ3-ஐத் தேர்ந்தெடுங்க. புதியதில் ஒவ்வொரு யூகத்துக்கும் ரவுட்டரிடமே பேசியாகணும், பதிவு செய்துகொண்டு போய் வீட்டில் உடைக்க முடியாது. ஆனால் பழைய சாதனங்களுக்காகக் கலப்பு முறையில் வைத்திருந்தால் நீளமான பாஸ்வேர்டு இன்னமும் அவசியம்.

பகடை உருட்டிச் சொற்கள் எடுங்க. எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கட்டும். காரணம், கேமரா இல்லாத ஸ்மார்ட் டிவியில் ஒரே ஒரு தடவை ரிமோட்டால் அடிக்கணும். எழுத்துப் பலகையை மாற்றி மாற்றிக் குறி தேடுவதைவிடச் சொற்களை அடிப்பது எவ்வளவோ மேல்.

கியூஆரை உங்க போனின் பகிர்வுத் திரையிலிருந்தே எடுங்க. முன்பின் தெரியாத இணையதளத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்து உருவாக்காதீங்க. அச்சிட்டால் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்க. கியூஆருக்குள் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் அப்படியேதான் இருக்கு. வீடியோ காலில் பின்னால் தெரிந்தால், ஊருக்கே சொன்ன மாதிரி. விருந்தாளிக்குத் தனி நெட்வொர்க் வசதி ரவுட்டரில் இருந்தால், ஒட்டுவது அதன் கியூஆராக இருக்கட்டும்.

மொத்தத்தில் அரை மணி நேர வேலை. வீட்டில் பெரியவங்க "பழைய நம்பரே நல்லா இருந்துச்சே"ன்னு கேட்டால், ஒரு தடவை ஸ்கேன் பண்ணிக் காட்டுங்க. பழசை விட இது சுலபம்னு அவங்களே சொல்வாங்க. பாதுகாப்பு நிலைப்பதும் அப்போதுதான். இந்த எபிசோடை உங்க வீட்டு ரவுட்டரைப் பார்த்துக்கொள்கிற அந்த ஒருத்தருக்கு அனுப்பிவிடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.