ஸஹ்ராவியும் தொண்டைச் சீழ்க்கட்டியும்

“உள்நாக்கு வளர்ந்துவிட்டது” என விடுப்புக் கேட்டு வரும் மாணவர்களை நம் மதரஸாவில் அடிக்கடி காண்கின்றோம். இந்த டான்சில் வீக்கத்தைப் பற்றி ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன்பே ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்), தமது ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் 30ஆம் பகுதியில் எழுதியுள்ளார்.

நோயாளியை வெயில் முகமாக அமர்த்தி, வாயைத் திறக்கச் செய்து, உதவியாளர் நாக்கை ஒரு மெல்லிய கருவியால் அழுத்திக்கொள்ள, வீக்கத்தின் நிறத்தையும் அடிப்பாகத்தையும் உற்றுநோக்கச் சொல்கிறார். வெண்மையாய், உருண்டு, அடி குறுகியிருந்தால் வெட்டலாம். சிவந்து, அடி பருத்திருந்தால் கத்தி படக் கூடாது, இரத்தம் பெருகிவிடும். பழுக்கும்வரை பொறுத்துப் பிறகே துளைக்க வேண்டும். தானே உடைவதும் உண்டு. அறுவைக் கருவிகளைப் படம் வரைந்து காட்டிய அம்மேதை, அவற்றை எப்போது கையில் எடுக்கலாகாது என்பதையும் எழுதிவைத்ததே நம்மை வியக்கச் செய்கிறது.

இன்றைய மருத்துவரும் சீழ் கோத்திருப்பதை அறிந்தே ஊசியால் உறிஞ்சியோ கீறியோ எடுக்கின்றனர், ஆன்டிபயாட்டிக்கும் தருகின்றனர். ஆனால் பழுக்கட்டும் என நாள்கணக்கில் விட்டுவைப்பதில்லை. ஒருபக்கத் தொண்டைவலியோடு வாய் திறக்க இயலாமல், குரல் குழறி, எச்சிலும் விழுங்க முடியாத பிள்ளையைக் கைவைத்தியத்திற்கு விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகின்றோம்.