தாது வருஷத்துப் பஞ்சமும் இந்த வருஷத்து வெயிலும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன ஞாயிறு சோளிங்கரில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். அக்னி நட்சத்திர வெயிலில் நூறு நாள் வேலைக்குப் போன ஒரு பாட்டி ஏரிக்கரையில் மயங்கி விழுந்துவிட்டாராம். 108 வந்தும் உயிர் தங்கவில்லை. "நான் இன்னும் என்ன டீச்சர் செஞ்சிருக்கணும்?" என்று கேட்டு அழுதாள். அன்று என்னிடம் பதில் இல்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பாட்டி தட்டில் ஒரு பருக்கை மீதி வைக்க விடமாட்டார். "தாது வருஷத்துல இதுக்குத்தான் ஜனம் பரிதவிச்சுச்சாம்" என்பார். அவருக்கு அவர் மாமியார் சொன்ன கதை அது. அந்தத் தாது வருஷம் 1876.

அந்த ஆண்டு பருவமழை பொய்த்தது. நம் சோளிங்கர் அன்று வடஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களில் அதுவும் ஒன்று. ரயில் இல்லாமல் இல்லை. 1856லேயே இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. தானியம் வந்தது, வாங்கத்தான் ஜனங்களிடம் காசில்லை.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்தார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதை எதிர்த்தார். அவர் சிறைக் கைதிகளின் உணவை முன்பே ஆராய்ந்து எழுதியவர். உழைக்கும் உடம்புக்கு இது பத்தாது என்று வாதாடினார். சில மாதங்களில் அரசு கூலியை உயர்த்தவேண்டி வந்தது. அதற்குள் இளைத்துப்போன உடம்புகளைக் காலராவும் வயிற்றுப்போக்கும் வாரிக்கொண்டு போயின. மழை திரும்பியதும் காய்ச்சல் வந்தது. அந்தப் பஞ்சத்தில் இந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

கவனியுங்கள். கார்னிஷ் ஒரு டாக்டர். ஆனால் அவர் சண்டை போட்டது மருந்துக்காக அல்ல, சோற்றுக்காக. ஆள் விழுந்த பிறகு மருத்துவம் செய்து பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதன் பிறகுதான் 1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கையும் 1883இல் பஞ்ச விதித்தொகுப்பும் வந்தன. தானிய விலை ஏறுகிறதா, ஜனங்கள் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்களா என்று முன்கூட்டியே பார்க்கவேண்டும். எந்தக் கட்டத்தில் வேலை தொடங்குவது, யாருக்குக் கஞ்சி ஊற்றுவது, எந்த அதிகாரி எதற்குப் பொறுப்பு என்று எழுதி வைத்தார்கள். எழுதி வைத்தும் 1896லும் 1899லும் பஞ்சம் வந்தபோது லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது.

நம் ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த டாக்டர் ஐடா ஸ்கடர் சிறுமியாக இந்தப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். வேலூரில் ஆஸ்பத்திரி கட்டியதோடு நிற்காமல், குடியாத்தம் சாலையில் வண்டியை நிறுத்தி, நோயாளி இருக்கும் இடத்துக்கே மருத்துவத்தைக் கொண்டுபோனார்.

இப்போது வெயிலுக்கு வருவோம். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்லதுதான். ஆனால் அது விழுந்த பிறகு வருவது.

மகளே, உன் கேள்விக்கு என் பதில் இது. நீ தவறவில்லை. உன்னிடம் வருவதற்கு முன்னால் நாலு படி இருந்திருக்கவேண்டும். முதல் நாளே எச்சரிக்கை ஏரிக்கரைக்குப் போய்ச் சேரவேண்டும். வெயில் ஏறுமுன் வேலை முடியவேண்டும். நிழலும் தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் அங்கேயே இருக்கவேண்டும். வயதானவர்கள், பிரஷர் மாத்திரை போடுபவர்கள் யார் யார் என்ற பட்டியல் ஒருவர் கையில் இருக்கவேண்டும். அந்த ஒருவர் யார் என்பது கோடைக்கு முன்பே முடிவாகியிருக்கவேண்டும்.

என்னிடம் படித்தவர்களில் ஊராட்சிச் செயலர்கள் இருக்கிறீர்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் ஷெட்டுகளில் சூப்பர்வைசர்கள் இருக்கிறீர்கள். அடுத்த பங்குனிக்குள் உங்கள் இடத்தில் இந்த நாலு படியையும் எழுதி, பெயர் போட்டு, சுவரில் ஒட்டுங்கள். ஒட்டியதும் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். வீட்டுப்பாடம் பார்க்க டீச்சர் இன்னும் தயார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தாது வருஷத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள்.