போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யப் போறீங்களா? எந்த வயது குழந்தைக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

மார்கழி பாதி கடந்ததுமே தமிழ்நாட்டு வீடுகளில் ஒட்டடைக் கம்பு வெளியே வந்துவிடும். பரணில் கிடக்கும் பாத்திரங்கள் கீழே இறங்கும். மார்கழியின் கடைசி நாளான போகிக்குள், அதாவது ஜனவரி 13 அல்லது 14-க்குள் எல்லா வேலையும் முடிந்தாக வேண்டும். இந்த நேரத்தில் பல வீடுகளில் குழந்தைகளுக்குக் கிடைக்கும் ஒரே உத்தரவு, "குறுக்க வராம போய் டிவி பாரு" என்பதுதான்.

ஆனால், வயதுக்கு ஏற்ற வேலையைப் பிரித்துக் கொடுத்தால் குழந்தைகள் நன்றாகவே செய்வார்கள். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது? பார்க்கலாம்.

எந்த வயதில் என்ன வேலை?

3 முதல் 5 வயது: பொம்மைகளைக் கூடையில் போடுவது, சாக்ஸ்களை ஜோடி சேர்ப்பது, துவைக்க வேண்டிய துணியை எடுத்து வந்து தருவது. ஒரு நேரத்தில் ஒரே வேலை, பத்து நிமிஷம் போதும்.

6 முதல் 8 வயது: ஈரத்துணியால் கீழ்த்தட்டு ஷெல்ஃப், நாற்காலிக் கால்களைத் துடைப்பது, எழுதாத பேனாக்களைப் பிரித்து எடுப்பது.

9 முதல் 12 வயது: தன் புத்தக அலமாரியை முழுசாக ஒழுங்கு செய்வது, சின்னதாகிப்போன துணிகளைப் பிரிப்பது, பழைய பேப்பரை அடுக்கிக் கட்டுவது.

13 வயதுக்கு மேல்: பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது ஒட்டடை அடிப்பது, மாப் போடுவது, ஒரு அறையின் பொறுப்பை எடுத்துக்கொள்வது.

பெண் குழந்தை கையில் துடைப்பம், பையனுக்குக் கடைக்குப் போகும் வேலை என்று பிரிக்க வேண்டாம். வேலைகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு, ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்லலாம். அப்பாவும் சீட்டு எடுக்கணும்.

அவங்க பொருளை அவங்களைக் கேட்காம தூக்கிப் போடலாமா?

கூடாது. பெரியவர் கண்ணுக்குக் குப்பையாகத் தெரியும் உடைந்த கார், குழந்தைக்கு முக்கியமானதாக இருக்கலாம். பள்ளிவிட்டு வந்து பார்க்கும்போது அது காணாமல் போயிருந்தால், அடுத்த வருஷம் எதையும் தொட விடாது. 'வச்சுக்கலாம்', 'யாருக்காவது கொடுக்கலாம்', 'போட்டுடலாம்' என மூன்று பெட்டிகள் வைத்து, முடிவைக் குழந்தையிடமே விடுங்கள். ஒரே நிபந்தனை: வைத்துக்கொள்வதெல்லாம் அதன் பெட்டிக்குள் அடங்க வேண்டும்.

அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டதே என்று பழைய நோட்டுகளைப் பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். முழு ஆண்டுத் தேர்வுக்குத் தேவைப்படலாம்.

குழந்தை துடைத்த இடத்தை அதன் கண் முன்னாடியே மறுபடி துடைப்பதும் வேண்டாம். 'நான் செஞ்சது சரியில்லை' என்று தோன்றினால், அடுத்த தடவை கூப்பிட்டாலும் வராது.

எதைக் கொடுக்கவே கூடாது?

* ஆசிட், ப்ளீச்சிங் பவுடர்: இரண்டும் கலந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளியாகும். பெரியவர்களும் கலக்கக் கூடாது. மிச்சத்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். தாகத்தில் எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து உண்டு.
* ஏணி, ஸ்டூல் மேல் ஏறும் வேலை, ஓடும் ஃபேன் பக்கத்தில் வேலை.
* பாச்சை உருண்டை: மிட்டாய் என நினைத்துச் சின்னக் குழந்தைகள் வாயில் போடலாம்.
* பட்டன் பேட்டரி: பழைய பொம்மை, ரிமோட்டில் இருக்கும். விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
* நாள்பட்ட மூட்டை, அட்டைப்பெட்டி: தேள், பூரான் இருக்கலாம். பெரியவர்கள் பிரித்து உதறிய பிறகு கொடுங்கள்.

வீசிங், ஆஸ்துமா உள்ள குழந்தைகளை ஒட்டடை அடிக்கும் நேரத்தில் வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

மொட்டை மாடிக்கு ஒரு 'இன்ஸ்பெக்டர்'

வடகிழக்குப் பருவமழை முடிந்த சமயம் என்பதால் தேங்காய்த் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, பழைய டயரில் தண்ணீர் நின்றிருக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இங்கேதான். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் தாங்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால், பெரியவர்கள் கண்ணில் படாத இடத்தையும் காட்டுவார்கள். மாடியில் கூடவே ஒரு பெரியவர் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை இதைத் தொடர்வது நல்லது.

போகி அன்று?

சேர்ந்த குப்பையை எரிக்க வேண்டாம். டயர், பிளாஸ்டிக், ரெக்ஸின் புகை குழந்தைகளின் நுரையீரலுக்கு ரொம்பவே கெடுதல். 2018 போகி அன்று பனிமூட்டத்தோடு புகையும் சேர்ந்துகொள்ள, சென்னையில் இறங்க வேண்டிய விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. டயர், பிளாஸ்டிக்கை எரிக்காதீர்கள் என மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் போகிதோறும் கேட்டுக்கொள்கிறது.

நல்ல துணிகளைத் துவைத்து, மடித்துத் தேவைப்படுபவர்களுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள். பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக் எல்லாம் பழைய பொருள் கடைக்கு. அங்கே கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கை வேலை பார்த்த பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். போகி மேளம் வாங்க அது உதவும்.