எஞ்சினின் வெப்பமும் அதனைத் தணித்த வரலாறும்

எரிபொருளை உருளைக்குள் எரித்து, அவ்வெப்பத்தின் ஆற்றலால் இயங்குவது மோட்டார் வண்டியின் எஞ்சின். ஆயினும், எழுகின்ற வெப்பம் முழுவதும் இயக்கமாக மாறுவதில்லை. அதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு உருளையின் சுவர்களிற் பாய்கின்றது. அதனை அகற்றாதுவிடின் மசகெண்ணெய் தன் தன்மையை இழக்கும், பிஸ்ரன் என வழங்கும் முசலம் விரிந்து உருளையோடு இறுகும், உருளைத்தலை கோணும். ஆகவே, எஞ்சினை இயக்கக் கற்ற மனிதன் அதனைக் குளிர்விக்கவும் கற்கவேண்டியவனானான். அக்கல்வியின் வரலாறு, வழியிற் கொதித்து நிற்கும் வண்டியின் நோயை அறிதற்கும் வழிகாட்டுவதாகும்.

ஜேர்மனியிற் கார்ள் பென்ஸ் 1886ஆம் ஆண்டு சனவரி 29ஆந் திகதி தம் மூன்று சக்கர வண்டிக்கு உரிமம் கோரினார். அவ்வண்டியில் நீர் ஆவியாகி வெளியேறுவதே குளிர்விக்கும் முறையாயிருந்தது. இம்முறை அறிவியலுக்கு முரணானதன்று. 30 பாகையிலுள்ள நீரைக் கொதிநிலைக்கு உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பத்தினும், கொதிநீரை ஆவியாக்குவதற்கு வேண்டிய மறைவெப்பம் ஏழு மடங்குக்கு மேற்பட்டது. ஆனால், வெப்பத்தோடு நீரும் போய்விடும். 1888ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திற் பென்ஸின் மனைவி பேர்த்தா, தம் மைந்தர் இருவருடன் மான்ஹைமிலிருந்து பொர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம் அவ்வண்டியைச் செலுத்திச் சென்றபோது, வழிநெடுக நீர் தேடி ஊற்றவேண்டியிருந்தது. நீர் குறைந்தால் எஞ்சின் கொதிக்கும் என்னும் முதற்பாடம் அன்றே கற்கப்பட்டது.

எஞ்சினின் வலிமை பெருகப் பெருக, இழந்த நீரை ஈடுசெய்தல் இயலாததாயிற்று. ஒரே நீரைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தி, அதன் வெப்பத்தை மட்டும் காற்றுக்கு ஈவதே தீர்வென வில்ஹெல்ம் மைபாக் கண்டார். எமில் ஜெலினெக்கின் வேண்டுகோளின்படி அவர் வகுத்த 35 பரிவலு மேர்சிடிஸ் வண்டி 1900ஆம் ஆண்டு டிசெம்பரிற் கையளிக்கப்பட்டது. அதன் முகப்பில் அமைந்த தேன்கூட்டு றேடியேற்றரில், 6 மில்லிமீற்றர்ச் சதுர வாயுடைய 8,070 சிறு குழாய்கள் இருந்தன. குழாய்களினூடே காற்றும் அவற்றின் இடைவெளிகளில் நீரும் சென்றன. வண்டி மெல்லச் செல்லும்போது காற்றை இழுப்பதற்கு ஒரு விசிறி துணைநின்றது. ஒன்பது லீற்றர் நீரே போதுமானதாயிற்று. நீரின் அளவினும், காற்றைத் தொடும் பரப்பே முதன்மையானது என்பது இதனாற் புலனாயிற்று. அப்பரப்பிற் புழுதியும் உப்புப்படிவும் அடைத்தாற் கேடு விளையும் என்பதும் இதன் மறுபுறமாகும்.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் வெளிவந்த போர்ட் நிறுவனத்தின் ரீ மாதிரி வண்டிகளில், தொடக்கத்திற் செய்யப்பட்ட சிலவற்றையன்றி ஏனையவற்றுக்கு நீர்ப்பம்பி இல்லை. சூடேறிய நீர் அடர்த்தி குறைந்து மேலெழ, குளிர்ந்த நீர் கீழிறங்கும் மேற்காவுகையே நீரைச் சுற்றியோடச் செய்தது. எளிமை மிக்க இவ்வேற்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. நீர்மட்டம் மேற்குழாயின் வாய்க்குக் கீழ் இறங்கினால் ஓட்டம் முற்றாக நின்றுவிடும். அக்காலத்து றேடியேற்றர் மூடியின்மேற் பொருத்தப்பட்ட பொயிஸ் மோட்டோமீற்றர் என்னும் வெப்பமானியைச் சாரதி தன் இருக்கையிலிருந்தே நோக்கி, வரும் கேட்டை முன்னறிந்தான்.

நீரையே தவிர்க்க முயன்றோரும் உளர். பிராங்ளின் நிறுவனம் 1902 முதல் 1934 வரை காற்றாற் குளிரும் வண்டிகளை வெற்றியுடன் செய்தது. அவ்வழியை நாடிய ஜெனரல் மோட்டர்ஸ், சார்ள்ஸ் கெற்றறிங்கின் முயற்சியாற் செப்புத் தகடுகள் பொருத்திய செவ்ரலே வண்டியை 1923இல் வெளியிட்டது. அது அதிவெப்பமுற்று வலு குன்றியமையால் அவ்வாண்டிலேயே மீளப்பெறப்பட்டது. கொள்கை சரியாயினும், அமைப்புப் பொருந்தாவிடிற் பயனில்லை என்பதற்கு இது சான்று.

குளிர்ச்சி மிகுதலும் தீதே. குளிர்ந்த எஞ்சினில் எரிபொருள் வீணாகும், தேய்வும் மிகும். 1914இல் வெளிவந்த எட்டுருளைக் கடிலாக்கில் வெப்பநிலைநிறுத்தி இடம்பெற்றது; நீர் உரிய சூட்டை அடையும்வரை அது வழியை அடைத்து நிற்கும். பின்னர் நீர்த்தொகுதி அமுக்க மூடியால் அடைக்கப்பட்டது. கடல்மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், நுவரெலியா போன்ற உயர்ந்த இடத்தில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். அமுக்கம் ஒரு வளிமண்டல அளவு மிகுந்தாலோ ஏறக்குறைய 120 பாகைவரை கொதியாது. இந்நன்மையோடு ஆபத்தும் வந்தது. சூடான மூடியைத் திறந்த கணமே அமுக்கம் நீங்கி, நீர் ஆவியாய்ச் சீறி முகத்தையும் கையையும் வேகச்செய்யும். முன்பு கண்ணுக்குத் தெரிந்த நீர் இன்று மறைந்திருப்பதால், காரணத்தை அறிவாலேயே தேடவேண்டியுள்ளது.

குறியைக் கண்டவிடத்து நின்றுவிடாது காரணத்தை நாடுமாறு வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த ஒழுங்கு எந்திரத்துக்கும் பொருந்தும். முதலில் எஞ்சினை நிறுத்தி ஆறவிடல் வேண்டும். பின்னர் நீரின் அளவையும் ஒழுக்குகளையும், அதன்மேல் விசிறிப் பட்டியையும் பார்த்தல் முறை. நின்ற நிலையிற் சூடேறி, ஓடும்போது தணியுமாயின் விசிறியை ஐயுறலாம். விரைந்தோடும்போது சூடேறுமாயின் றேடியேற்றரின் அடைப்பையோ பம்பியின் தளர்வையோ ஐயுறலாம். எஞ்சின் கொதித்தும் றேடியேற்றருக்குச் செல்லும் மேற்குழாய் குளிர்ந்திருப்பின் வெப்பநிலைநிறுத்தி திறக்கவில்லை எனலாம். வெளியொழுக்கின்றி நீர் குறைந்து, குமிழிகளும் ஓயாது எழுமாயின் உருளைத்தலையின் கீழுள்ள காஸ்கெற் பழுதுற்றிருத்தல் கூடும். பற்றவைக்கும் நேரம் பிந்துவதும் சூட்டைப் பெருக்கும்.

வெப்பநிலைநிறுத்தியைக் கழற்றி எறிவதும், கொதிக்கும் எஞ்சினிற் குளிர்நீர் ஊற்றுவதும் பலர் கையாளும் வழிகள். முன்னையது நோயை மறைத்து வேறொரு நோயை வளர்க்கும். பின்னையது வார்ப்பிரும்பை வெடிக்கச் செய்யலாம். பென்ஸின் காலத்தில் நீர் ஊற்றுதலே மருந்தாயிருந்தது. இன்று நீர் ஏன் குறைந்தது என வினாவுதலே மருந்தின் தொடக்கம். வெப்பம் எஞ்சினுக்குப் பகையன்று. அதன் உயிர் அதுவே. அதனை அளவில் நிறுத்துதலே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர் தேடிய கலையாகும்.