ஒருவருக்காக ஒரு மடல்

சமுதாயத் தலைவர் என்றதும் மேடையும் மாலையும் கூட்டமுமே நம் கண்முன் தோன்றுகின்றன. ஆனால், தனியே வந்து நிற்கும் ஓர் எளியவரை அவர் எவ்வாறு நடத்தினார் என்பதன்றோ தலைமையை அளக்கும் அளவுகோல்! மிஸ்ரு நாட்டு யூதர்களின் தலைவராக விளங்கிய மூஸா இப்னு மைமூனின் வாழ்க்கை இதற்குச் சான்று பகரும். ஐரோப்பியர் அவரை மைமோனிடிஸ் என்பர்.

அவர் பிறந்த ஊர் குர்துபா. 1148ல் அல்முவஹ்ஹிதீன்கள் அந்நகரைக் கைப்பற்றினர். யூதர்கள் தம் மதத்தில் நிலைத்து வாழ இயலாமற் போகவே, அவருடைய குடும்பம் ஊரைத் துறந்தது; பல்லாண்டு அலைச்சலுக்குப்பின் மிஸ்ரின் ஃபுஸ்தாத் நகரில் குடியேறியது. அங்கே 1169ல், சிறைப்பட்ட யூதர்களை மீட்கப் பொருள் திரட்டும் பணியில் அவர் முன்னின்றார். ஏழைக்கு உணவளிப்பதினும் கைதியை மீட்பது முந்திய கடமை என்று பின்னர்த் தம் சட்ட நூலிலும் வரைந்தார்.

சுல்தான் ஸலாஹுத்தீனின் வஸீர் அல்காழி அல்ஃபாழில் அவரை ஆதரித்தார். அரண்மனை மருத்துவராகவும் அவர் பணிபுரிந்தார். 1199ல், தம் நூலை மொழிபெயர்த்து வந்த இப்னு திப்பூனுக்கு எழுதிய மடலில் அன்றாட வாழ்வை விவரிக்கிறார். காலையில் காஹிராவிலுள்ள அரண்மனைக்குச் செல்வார். நண்பகலுக்குப் பின் பசியோடு திரும்பினால் வீட்டு முன்கூடம் நிறைய நோயாளிகள்: யூதரும் பிறரும், பெரியோரும் எளியோரும், நண்பரும் பகைவரும்! சிறிது உண்ணும்வரை பொறுத்தருளுமாறு அவர்களை வேண்டிக்கொள்வார். நாள் முழுவதற்கும் அவருக்கு அந்த ஒருவேளை உணவே. பின் இரவுவரை மருத்துவம். களைப்பு மிகுந்தால் படுத்தவாறே பேசுவார். கடல் கடந்து வரவிருந்த அறிஞருக்குத் தனியே ஒரு மணி நேரம் ஒதுக்க இயலாதென்றவர், வாசலில் காத்திருந்தோரைத் திருப்பி அனுப்பவில்லை.

இவற்றினும் மேலான நிகழ்ச்சி ஒன்றுண்டு. யூத மதத்தைத் தழுவிய ஒபதியா என்பவர், முஸ்லிம்கள் சிலை வணங்கிகள் அல்லர் என்றார். அதனை மறுத்த அவருடைய ஆசான், அவரை மூடரென இகழ்ந்தார். மனம் புண்பட்ட ஒபதியா இப்னு மைமூனுக்கு எழுதினார்.

ஆசானின் கண்ணியம் காக்கப் புதியவரை மௌனமாக்குவது எளிது. இப்னு மைமூன் அவ்வாறு செய்யவில்லை. முஸ்லிம்கள் சிலை வணங்கிகள் அல்லர், அவர்கள் இறைவனின் ஏகத்துவத்தைப் பழுதின்றி ஏற்பவர்கள் என்று தெளிவாக விடையளித்தார். தந்தையையும் பிறந்த மண்ணையும் துறந்து இறைவனை நாடி வந்தவரை இகழ்ந்தது பெரும் பாவம். மாணவரேயாயினும் அவரிடம் ஆசான் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றும் எழுதினார். தொழுகையில் ‘எங்கள் மூதாதையரின் இறைவா’ எனத் தாமும் கூறலாமா என்று ஒபதியா கேட்டதற்கு, தயக்கமின்றிக் கூறுக, இப்ராஹீம் உமக்கும் தந்தையே என்று தேற்றினார்.

இஸ்லாத்துடன் அவருக்குக் கடும் கருத்து மாறுபாடு இருந்தது. முஸ்லிம் ஆட்சியொன்றின் கொடுமையால் ஊரிழந்தவர் அவர். எனினும் அந்தக் கசப்பு தீர்ப்பைக் கோணச் செய்யவில்லை. 1204ல் அவர் மறைந்தார். தம் சமுதாயத்தின் ஆசானைக் கண்டித்து, தனியொருவரின் கண்ணீரைத் துடைத்த அந்த மடல் இன்றும் நிலைத்திருக்கிறது.