கண்ட சாட்சியும் மணிக்கூடும்

1951 ஆம் ஆண்டு ஒக்டோபர் 9 ஆம் நாள், கொழும்பு பம்பலப்பிட்டியிலுள்ள வீடொன்றின் மோட்டார்க் கொட்டகையில் ஒரு தமிழ்ப் பெண்மணியின் உடல் கிடந்தது. கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. அவருடைய கணவர் மகாதேவ சதாசிவம், இலங்கைக் கிரிக்கெட் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அன்றே அவர் கைது செய்யப்பட்டார். வீட்டு வேலைக்காரனான வில்லியம் என்னும் சிங்கள இளைஞன் நகைகளுடன் மறைந்துவிட்டான்.

பின்னர் பிடிபட்ட வில்லியம், கொன்றவர் எசமானரே என்றும், தான் உடனிருந்து உதவியதாகவும் கூறினான். முடியரசின் தரப்பு அவனுக்கு நிபந்தனையுடன் மன்னிப்பளித்துத் தன் சாட்சியாக்கிக்கொண்டது. கண்ணாற் கண்டவன் மட்டுமல்லன், கையாலும் தொட்டவன். இதனினும் வலிய சாட்சியை யார் கேட்பர்? எதிரியின் பக்கத்தில் நின்றதோ ஒரு வாடகை மோட்டார் வண்டி. அன்று முற்பகல் 10.30 மணியளவில் அதிலேறி அவர் வீட்டைவிட்டுச் சென்றிருந்தார். அதற்குப் பிற்பட்ட வேளையில் தான் வேற்றிடத்தில் இருந்தமை ஐயமற்றது. ஆகவே, உயிர் பிரிந்தது அதற்கு முன்னரா பின்னரா என்ற ஒரு வினாவிலேயே வழக்கு முழுவதும் வந்து நின்றது. வேற்றிட வாதத்தை எதிரி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நியாயமான ஐயம் எழுந்தாலே போதும் என்பது சட்டம். ஆனால் அந்த ஐயத்தை எழுப்புவது எங்ஙனம்?

இங்கேதான் இவ்வழக்கு நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. சட்ட மருத்துவப் பேராசிரியர் டி சேரம் இறந்தவரின் உடல் வெப்பத்தை அளந்திருந்தார். இறந்த உடல் எவ்வளவு விரைவாகக் குளிரும் என்பதற்குக் குளிர்நாட்டார் வகுத்த கணக்கு நம் நாட்டுக்குப் பொருந்துவதில்லை. உயிர் பிரிந்த கணம் நிமிடம் தவறாமல் தெரிந்த உடல்கள் வேண்டும். அத்தகைய உடல்கள் கிடைக்குமிடம் ஒன்றே: சிறைச்சாலைத் தூக்குமரம். தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்களில் அவர் வெப்பமானியை வைத்து அளந்தார். அக்கணக்கின்படி, எதிரி வீட்டை நீங்கிய பின்னரே மரணம் நிகழ்ந்திருத்தல் கூடும் என்ற கருத்து வலுப்பெற்றது. எடின்பரோவிலிருந்து வந்த பேராசிரியர் சிட்னி சிமித் எதிரியின் சார்பிற் சாட்சியமளித்தார். உள்ளங்காலிற் படிந்திருந்த அழுக்கைக் கொண்டு, கொலை நடந்த இடம் சமையலறையே எனக் கருதினார். வில்லியம் சொன்னதோ படுக்கையறை.

எதிரிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1953 ஓகஸ்டில் ஹர்த்தாலை முன்னின்று நடத்திய சமசமாஜக் கட்சியின் தலைவர்களுள் ஒருவர். 57 நாள் விசாரணைக்குப்பின், 1953 ஜூன் 25 இல், நீதியரசர் கிரேசியன் முன்னிலையில் யூரர் ஒருமனதாக எதிரியை விடுவித்தனர். தீர்ப்புச் சரியானதே என்பது நம் கருத்து. எனினும், தூக்கிலே மாண்ட பெயரறியா மனிதரின் உடல்கள் குளிர்ந்த வேகமன்றோ மற்றொரு மனிதனைத் தூக்கிலிருந்து மீட்டது! அவர்களுள் எத்தனை பேருக்காக எடின்பரோவிலிருந்து பேராசிரியர் வந்தார்?

கண்ட சாட்சியை ஐயுறக் கற்பிக்கும் இவ்வழக்கை மாணவர்க்குச் சொல்லும்போதெல்லாம் நமக்கு ஓர் இடர்ப்பாடு நேர்கிறது. பாலையூற்றிலிருந்து நோக்கினால் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், மூதூருக்குத் தெற்கே குமாரபுரம் இருக்கிறது. 1996 பெப்ரவரி 11 இல் அங்கே பெண்களும் குழந்தைகளுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் படையினராற் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியோர் அடையாள அணிவகுப்பில் படையினரைச் சுட்டிக்காட்டினர். அங்கே கண்டவரை நம்பு, இங்கே ஐயுறு என்று நம் அனுதாபத்துக்கேற்ப அளவுகோலை மாற்றலாமா? மாற்றலாகாது. கண்டவர் சொல் எங்கும் உரைத்துப் பார்க்கவேண்டியதே. உரைக்கும் கல்லை யார் காத்தார், யார் இழந்தார் என்பதிலேதான் வேறுபாடு. பம்பலப்பிட்டி வழக்கில் உள்ளங்கால் அழுக்கும் சாட்சியாயிற்று. குமாரபுரத்திற் பயன்படுத்தப்பட்டனவாகக் கைப்பற்றப்பட்ட ஆயுதங்கள் 2004 இல் கொழும்பு அரச பகுப்பாய்வுத் திணைக்களத்தில் ஏற்பட்ட தீயில் அழிந்தன. எஞ்சியது கண்டவர் சொல் மட்டுமே. அதுவும் இருபதாண்டு முதிர்ந்த சொல்.

வழக்கு திருகோணமலையிலிருந்து அநுராதபுர மேல் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. சிங்களம் பேசும் யூரர் எழுவர் அமர்ந்தனர். தமிழிற் சொல்லப்பட்ட சாட்சியம் மொழிபெயர்ப்பின் வழியே அவர்கள் செவியை அடைந்தது. 2016 ஜூலை 27 இல், எஞ்சியிருந்த எதிரிகள் அறுவரும் விடுவிக்கப்பட்டனர். சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்யவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. ஆனால் யூரர் விடுவித்த வழக்கில் சட்டப் பிரச்சினை ஒன்றின் மீதே அவர் மேன்முறையீடு செய்ய இயலும். கண்டவர் கண்டது மெய்யா என்ற வினாவை அங்கே மீண்டும் எழுப்ப வழியில்லை.